நூற்றுப் பதினெட்டு உபயதாரர்கள்

முருகவேலின் தொழில் தலைகளை அடுக்குவது. திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பதினேழு வருடமாக ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரரின் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு ஆள் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "எத்தினி தலைங்க?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். எந்தத் தலை மேலே, எது கீழே, எது வட்டத்துக்குள், எது நட்சத்திரத்துக்குள். தாய்மாமன் முகம் சித்தப்பா முகத்தைவிட ஓர் அங்குலம் சிறுத்துப் போனதால் மொய்யோடு திரும்பிப் போன சொந்தங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருந்த குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் மட்டும் தோற்றார். மறுபடி எழுதச் சொன்னபோது, அந்தப் பாடத்தில் எது ஏன் எங்கே இருக்கிறது என்றே விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு டிசைன் கடையில் வேலைக்குப் போனார். அங்கே எல்லாம் விளங்கியது. பணம் கொடுத்தவன் பெரிசு, கொடுக்காதவன் சிறிசு. இடையில் ஒரு விரல்கடை இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. காலி இடம் தெரிந்தால் வாடிக்கையாளர் தான் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். அங்கே ஒரு பூவையோ புறாவையோ போட்டுவிட வேண்டும். கல்யாணமாகி மனைவி அருணாதேவி கடைக்கு வந்த பிறகு கணினியில் அவரும், அச்சு இயந்திரத்தில் அவளுமாகத் தொழில் நடந்தது. அவரைவிட அவளுக்கு அளவு சுத்தம் ஜாஸ்தி.

மூன்று வருடத்துக்கு முன்பு, வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் ஓர் உதவிபெறும் பள்ளியிலிருந்து சிந்துஜா என்ற வேதியியல் ஆசிரியை கடைக்கு வந்தாள். பள்ளியில் புதிதாக ஆய்வகம் கட்டியிருந்தார்கள். கட்டடத்துக்குப் பெரும்பகுதி கொடுத்தவர் அப்பாதுரை. கிரிவலப் பாதையில் மூன்று லாட்ஜ் வைத்திருப்பவர், முன்னாள் மாணவர் சங்கத் தலைவர், முருகவேலின் பெரிய வாடிக்கையாளர். ஆய்வகத்தின் வெளிச்சுவரில் தனிம வரிசை அட்டவணையைப் பெரிதாக, தமிழில், மழைக்குத் தாங்குகிற மாதிரி ஒட்ட வேண்டும் என்று சிந்துஜா கேட்டாள். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முருகவேல் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நல்ல டிசைனரிடம் போகாமல் யாரோ செய்தது என்று தோன்றியது. இடது ஓரத்தில் ஒரு கட்டம், வலது ஓரத்தில் ஒரு கட்டம், நடுவில் பெரிய ஓட்டை. தங்கம் ஆறாவது வரிசையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. கீழே இரண்டு வரிசைகள் தனியாக, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போல. தொழில் தர்மம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. கட்டங்களை நெருக்கி, ஓட்டையை அடைத்து, வரிசைக்குப் பன்னிரண்டாக ஒழுங்காக அடுக்கினார். தங்கத்தையும் வெள்ளியையும் மேலே நடுவில் வைத்துச் சுற்றிலும் ஒளிவட்டம் போட்டார். மிச்சமான இடத்தில் இரண்டு மயில்கள்.

மறுநாள் வந்த சிந்துஜா திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"அண்ணா, இதுல யாரையும் நாம ஒக்கார வெக்கல. அவங்கவங்க எடம் அவங்களுக்கே இருக்குது. ஒருத்தரை நகத்துனா மொத்தமும் பொய்யாயிடும்" என்றாள்.

யார் அப்படி முடிவு பண்ணியது என்று அவர் கேட்டார். ஒரு சங்கமோ கமிட்டியோ இருக்கும் என்பது அவர் எண்ணம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு அணுவுக்கும் உள்ளே புரோட்டான் என்று இருக்கிறது. ஒன்று இருந்தால் ஹைட்ரஜன், இரண்டு இருந்தால் ஹீலியம். அந்த எண்ணிக்கைப்படியேதான் வரிசை, இடமிருந்து வலமாக. போகப் போகக் குணம் மாறும். ஒரு கட்டத்தில் பழைய குணம் திரும்ப வந்துவிடும். வந்ததும் அடுத்த வரிசையைத் தொடங்கி, அதே குணமுள்ளவருக்கு நேர் கீழே நிறுத்துவார்கள். அதனால் மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஒரே சாயல். அந்த நெடுவரிசைக்குப் பெயர் தொகுதி. மொத்தம் பதினெட்டு தொகுதி.

"தொகுதியா? நம்ம மாவட்டத்துக்கே எட்டுதான்" என்றார் முருகவேல்.

அவள் விடைபெறும்போது மயில்களை மட்டும் எடுத்துவிட்டதாக அவர் காட்டினார். தங்கத்தை நகர்த்த அவருக்கு மனம் வரவில்லை.

சுவரை அளக்கப் பள்ளிக்குப் போன அன்றுதான் அவருக்கு அது பிடிபட்டது. ஆய்வகத்தில் சிந்துஜா, மண்ணெண்ணெயில் உலோகத் துண்டுகள் போட்டு வைத்திருந்த மூன்று புட்டிகளை எடுத்து வைத்தாள். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் அரிசி அளவு லித்தியத்தைப் போட்டாள். அது மெல்ல நுரைத்து மிதந்தது. அடுத்து சோடியம். உருண்டு திரண்டு, சீறிக்கொண்டு தண்ணீர் மேலேயே ஓடியது. மூன்றாவதாகப் பொட்டாசியம். தண்ணீரைத் தொட்டதும் இளம் ஊதா நிறத்தில் தீப்பிடித்து, சுற்றிச் சுழன்று, பட்டென்று அடங்கியது. பிறகு பாடப்புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.

"ஒரே வூட்டு ஆளுங்க" என்றார் அவர். "கீழ போகப் போகக் கோவம் ஜாஸ்தி."

"அவ்ளோதாண்ணா பாடம்."

கடைக்குத் திரும்பியதும் கணினியைத் திறந்து தங்கத்தை எடுத்து வெள்ளிக்குக் கீழே வைத்தார். வெள்ளிக்கு மேலே செம்பு. மூன்றும் காசு அடித்த உலோகங்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்று அருணாதேவியிடம் ஆரம்பித்தார். சொல்லியிருந்தால் பேங்க் வேலைக்குப் போயிருப்பீங்க, இயந்திரத்துக்கு மை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க என்றாள் அவள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். தலைமையாசிரியர் ராஜேந்திரனுக்கு ஒரு யோசனை வராமல் இருந்திருந்தால்.

இது கோயில் ஊர். இங்கே எந்தப் பொருளும் தன் பெயரோடு மட்டும் இருக்காது, கொடுத்தவர் பெயரோடுதான் இருக்கும். அந்தப் பள்ளியிலும் மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் மூன்று அண்ணன் தம்பிகள் பெயர் எழுதியிருக்கிறது. கரண்ட் போனால்தான் யார் கொடுத்தது என்று தெரியும். ராஜேந்திரன் அட்டவணையின் மாதிரியைப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு கட்டங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுத இடம் இருந்தது. கட்டத்துக்கு ஓர் உபயதாரர் என்று அன்று மாலையே அறிவித்துவிட்டார்.

ஊர் திரண்டு வந்தது. அப்பாதுரை போனிலேயே சொன்னார், ஒண்ணாம் நம்பர் எதுவோ அது எனக்கு என்று. ஹைட்ரஜன் அவருக்குப் போயிற்று. இரும்பை ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் எடுத்தார். ஹீலியத்தைப் பலூன் வியாபாரி. சோடியத்தை உப்பு மண்டி. கால்சியத்துக்குப் பால் ஏஜென்டும் சுண்ணாம்புக் காளவாய்க்காரரும் மோதிக்கொண்டார்கள். தங்கத்துக்கு நான்கு நகைக்கடைகள். சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தோற்ற மூவருக்கும் வெள்ளி, பிளாட்டினம், செம்பு என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. செம்பு வாங்கியவர் இன்றுவரை ராஜேந்திரனுக்கு வணக்கம் வைப்பதில்லை.

கடைசித் தொகுதியை ஆசிரியர்களுக்கென்று ஒதுக்கினார் தலைமையாசிரியர். அதற்குத் தமிழில் மந்த வாயுக்கள் என்று பெயர். ஆசிரியர்கள் ஒருவர்கூட முன்வரவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னார். யாரோடும் சேராதது, யாரிடமும் எதுவும் வேண்டாதது, அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு மேன்மக்கள் என்ற பொருளில் பெயர் என்று சிந்துஜா விளக்கிய பிறகு ஹீலியம் போக மிச்சமிருந்த ஆறும் ஒரே இடைவேளையில் தீர்ந்தன.

பணம் கட்டியதும் உபயதாரர்களுக்கு அபிப்பிராயங்கள் வர ஆரம்பித்தன. அதையெல்லாம் கேட்க ஒரு சனிக்கிழமை பள்ளியில் கூட்டம் போட்டார்கள். முருகவேலும் மாதிரி ஃபிளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

உரக்கடைக்காரர் மூன்று கட்டம் எடுத்திருந்தார். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். மூட்டையில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் பொட்டாசியத்தை இந்த மூலையில் கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்று கேட்டார். ஹார்டுவேர்காரருக்குத் தன் இரும்புக்குப் பக்கத்து வீட்டில் கோபால்ட் என்று அவருடைய மைத்துனர் குடிவந்திருப்பதில் வருத்தம். இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு கட்டம் விடச் சொன்னார். தங்கத்தின் நகைக்கடைக்காரர், வெள்ளி என் தலைமேல் உட்காருமா, அதற்கு மேலே செம்பா, இது எந்த ஊர் நியாயம் என்றார். ஆர்சனிக் பெற்றிருந்த ஓட்டல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அது பாஷாணம் என்று அவருக்கு அன்று வரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

தலைமையாசிரியர் ராஜேந்திரன் கணித ஆசிரியராக இருந்து மேலே வந்தவர். அவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த அணு எடையைச் சரிபார்த்து, ஐம்பத்து மூன்று வரைக்கும் மூன்று பிழைகள் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ஆர்கானைவிட அடுத்து வரும் பொட்டாசியம் எடை கம்மி. கோபால்ட்டைவிட நிக்கல் கம்மி. டெல்லூரியத்தைவிட அயோடின் கம்மி. அடிப்படை ஏறுவரிசைகூடத் தெரியாமல் இதை யார் அச்சடித்தது என்று கேட்டார்.

"எடைப்படி இல்ல சார், எண்ணுப்படி" என்றாள் சிந்துஜா. "எடையை மட்டும் பாத்து நிறுத்துனா அயோடின் வேற வீட்டுக்குள்ள போயிடும். அந்தக் காலத்துல எடையை வெச்சு அடுக்குனவங்களே அந்த எடத்துல எடையை விட்டுட்டுக் குணத்தைப் பாத்துதான் நிறுத்துனாங்க."

ராஜேந்திரன் கால்குலேட்டரை அணைக்கவில்லை. இதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றார்.

கடைசியாக அப்பாதுரை பேசினார். அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் டீயைக் கீழே வைத்துவிடுவார்கள். இது அக்கினித் தலம், ஊரே நெருப்பை மலையாகக் கும்பிடுகிறது, நூற்றுப் பதினெட்டு பேருக்கு இடம் இருக்கிற அட்டவணையில் நெருப்புக்கு ஒரு கட்டம் இல்லையா என்று கேட்டார். நிலம், நீர், காற்று எதுவும் இல்லையே, ஆனால் பெயர் தெரியாத எத்தனையோ வெளிநாட்டு ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன என்றார். கூட்டம் தலையாட்டியது. சிந்துஜா என்ன சொன்னாலும் வில்லங்கமாகிவிடும் என்று முருகவேலுக்குத் தெரிந்தது. இத்தனை வருட அனுபவம் அதற்குத்தான். எழுந்து நின்று, அட்டவணைக்குப் பின்னணியாக மலையையும் தீபத்தையும் மங்கலாகப் போட்டுவிடலாம், கட்டத்துக்குள் அடக்குகிற விஷயமா அது என்றார். அப்பாதுரைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தன்னுடைய கருத்தாகவே அதைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்.

தீராத பிரச்சினை கீழே இருந்த இரண்டு வரிசைகள்தான். லாந்தனைடு, ஆக்டினைடு என்று இருபத்தெட்டு கட்டங்கள், அட்டவணைக்கு வெளியே தனியாக. அதை யாரும் வாங்கவில்லை. மலிவாகக் கொடுத்தும் வாங்கவில்லை. ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார், எங்க தெருவையே ஊருக்கு வெளியதான் வெச்சிருந்தாங்க, காசு குடுத்து நான் மறுபடியும் அங்க போய் நிக்கணுமா என்று. பிறகு ராஜேந்திரன் அந்த இரண்டு வரிசைகளையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். தேர்வில் அதிகம் வருவதில்லை என்பது அவருடைய வாதம்.

முருகவேல் அன்று சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன என்று அருணாதேவி கேட்டாள். சொன்னார்.

"ஏன் அந்த ரெண்டு வரிசையை வெளிய வெச்சாங்க?"

"அவங்க எடம் உள்ளதானாம். பேரியத்துக்கு அப்புறம், ரேடியத்துக்கு அப்புறம். உள்ள போட்டா அகலம் ஜாஸ்தியாயிடுமாம். எடம் பத்தாததாலதான் கீழ எறக்கி இருக்காங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

"எங்க எடம் பத்தல? புஸ்தகத்துல பத்தல. நம்மகிட்ட ரோல் நூறடி இருக்குது. செவுரு எவ்ளோ?"

சுவர் முப்பத்தாறு அடி. அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். கட்டத்துக்கு ஓர் அடி. பதினெட்டு நெடுவரிசையைப் பிளந்து, நடுவில் பதினான்கு நெடுவரிசையை நுழைத்தார். முப்பத்திரண்டு அடி. இருபத்தெட்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். வெளியே ஒருவரும் இல்லை. போனில் படத்தை அனுப்பினார். இதுதான் அண்ணா உண்மையான அட்டவணை, நாங்களே தாளின் அகலத்துக்காக மடித்து மடித்து மறந்துவிட்டோம் என்று சிந்துஜா பதில் போட்டாள். அந்த வாரமே இருபத்தெட்டு கட்டங்களுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே நிற்க மாட்டேன் என்றவர் யுரேனியத்தை எடுத்தார்.

ஆனால் கீழே இருந்தவர்கள் உள்ளே வந்ததும் மேலே காலி இடம் பெருத்துவிட்டது. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நடுவில் முப்பது அடி வெற்றிடம். அடுத்த இரண்டு வரிசைகளிலும் இருபத்து நான்கு அடி. மொத்தத்தில் நூற்றாறு கட்டம் காலி. முருகவேல் தன் வாழ்க்கையில் இவ்வளவு வெள்ளையை அச்சடித்ததில்லை. இரண்டு நாள் அது அவரை உறுத்தியது. மூன்றாம் நாள் அது அழகாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் வானம்.

அப்பாதுரைக்கும் அது அழகாகத் தெரிந்தது. அவர் நேரில் கடைக்கு வந்தார். ஒண்ணாம் நம்பர் என்று வாங்கிய ஹைட்ரஜன் இடது ஓரத்து மூலையில் இருப்பதில் அவருக்கு மனக்குறை. அதைச் சொல்லிவிட்டுத் திரையில் காலியிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நடுவுல இவ்ளோ எடம் சும்மா கெடக்குது. இதுல என் படத்தையும் எங்க அப்பா படத்தையும் போட்டுடு."

"போட முடியாதுங்கண்ணா" என்றார் முருகவேல்.

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. உள்ளே இயந்திரத்தை அருணாதேவி நிறுத்திவிட்டாள்.

"ஏன்? வேற யாராச்சும் புக் பண்ணிட்டாங்களா?"

"இல்லங்கண்ணா. அங்க யாரும் இல்லங்கிறதுதான் சேதி. ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டு. நடுவுல ஒன்றரைன்னு ஒருத்தரும் பொறக்கல, இனிமேலும் பொறக்க முடியாது."

"நான் பொறந்திருக்கேனே" என்றார் அப்பாதுரை.

அட்டவணைக்கு வெளியே, மேலே தனியாக எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் படம் போட்டுத் தருகிறேன் என்றார் முருகவேல். அப்பாதுரை எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வரப்போகிற தீபத்துக்கு மூன்று லாட்ஜுக்கும் எடுத்து வைத்திருக்கிற வேலையை இனி தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய ஒரு வருட வருமானத்தில் பாதி. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அருணாதேவி அப்பளம் பொரித்தாள். கோபமாக இருந்தால் பொரித்திருக்க மாட்டாள் என்று அவர் அர்த்தம் செய்துகொண்டார்.

பின்னணியில் மங்கலான மலையும் தீபமும் மட்டுமாக, அட்டவணை அந்த வெள்ளையோடேயே அச்சாகிச் சுவரில் ஏறியது. மேலே ஏணி போட்டு அவரே ஓரங்களைத் தேய்த்து ஒட்டினார். விழா அன்று காலை மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வாசலில் இறங்கும்போதே தெரிந்தது. காலியிடத்தில் வேறொரு கடை அச்சடித்த நீண்ட ஃபிளெக்ஸ் பட்டை ஒன்றை அறைந்திருந்தார்கள். மூன்றடி உயரம். கைகூப்பிய அப்பாதுரை, அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் சடையன், இரண்டு மகன்கள், ஒரு ஜோடிப் புறா. அந்தக் கடைக்காரர் மேல் வரிசையில் முப்பது அடி காலி என்று மட்டும் பார்த்துவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று இருபத்தாறு அடிக்கு அடித்துவிட்டார். கீழ் இரண்டு வரிசைகளில் இருபத்து நான்கு அடிதான் என்பதை அவர் கவனிக்கவில்லை. புறாக்கள் உட்கார்ந்த இடத்தில் நான்கு கட்டங்கள் மறைந்திருந்தன. போரான், கார்பன், அலுமினியம், சிலிக்கான்.

"கார்பன் போச்சு" என்றாள் சிந்துஜா. "உசிருள்ளது எல்லாத்துக்கும் அதுதாண்ணா ஆதாரம். மிச்ச தரை, கல்லு, மண்ணு எல்லாம் சிலிக்கான்."

முருகவேல் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் பிளேடைத் தடவிப் பார்த்தார். அருணாதேவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விழா தொடங்கிவிட்டது. நாடாவை வெட்டிய அதிகாரி, இப்படி ஒரு அறிவியல் பணியைக் குடும்பத்தோடு செய்த அப்பாதுரையைப் பாராட்டினார். அட்டவணையில் இருப்பவர்களைப் போல நாமும் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருந்தால் நாடு முன்னேறும் என்றார். உபயதாரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கட்டத்தைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மறைந்துபோன நான்கு கட்டங்களின் உபயதாரர்கள் மட்டும் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, கேசரி வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்க அவர்களுக்குத் துணிவு இல்லை. அவர்களில் இருவர் அப்பாதுரையின் லாட்ஜுக்குத் துணி வெளுப்பவர்கள்.

பட்டையை எடுக்க ராஜேந்திரன் சம்மதிக்கவில்லை. அடுத்த கட்டடத்துக்கும் அப்பாதுரையிடம்தான் போக வேண்டும். முருகவேல் அந்தக் கார்த்திகையில் பாதி நாள் கடையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மலையேறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவர் அச்சடிக்காத பேனர்களின் கீழே போய்வந்துகொண்டிருந்தார்கள். தப்பு செய்துவிட்டோமோ என்று ஒருமுறை அருணாதேவியிடம் கேட்டார். தப்புதான், ஆனா அழகா இருந்துச்சு என்றாள் அவள்.

தை பிறந்த பிறகு சிந்துஜா ஒரு வினாத்தாளோடு வந்தாள். பதினோராம் வகுப்பு மாதத் தேர்வு. ஏழாவது கேள்வியை அவர் படித்தார்: "நமது ஆய்வகச் சுவர் அட்டவணையில் திரு. அப்பாதுரை அவர்களின் படத்துக்குப் பின்னால் நான்கு தனிமங்கள் மறைந்துள்ளன. அவற்றின் அணு எண்களைக் கண்டறிந்து, அண்டைத் தனிமங்களின் பண்புகளைக் கொண்டு அவை எப்படிப்பட்டவை எனக் கணித்து எழுதுக."

இந்த அட்டவணையை முதலில் அடுக்கிய ரஷ்யர் இதைத்தான் செய்தார் என்று அவள் சொன்னாள். அவருடைய காலத்தில் இந்தத் தனிமங்களில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தெரியும். அலுமினியத்துக்குக் கீழே ஒருவர் இருந்தாக வேண்டும், சிலிக்கானுக்குக் கீழே ஒருவர் இருந்தாக வேண்டும் என்று இடத்தைக் காலியாகவே விட்டார். எடை இவ்வளவு இருக்கும், குணம் இப்படி இருக்கும் என்றும் எழுதிவைத்தார். இருபது வருடத்துக்குள் இருவரும் அதே குணத்தோடு வந்து சேர்ந்தார்கள். இப்போது பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழே இருப்பவர்களை வைத்து மேலே ஒளிந்திருப்பவர்களைப் பிடிக்கிறார்கள். மதிய இடைவேளையில் சுவருக்கு முன்னால் நோட்டோடு கூட்டம் நிற்கிறது என்றாள். முன்பெல்லாம் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

விடைத்தாள்களில் முக்கால்வாசிப் பேர் கார்பனைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். ஒரு பெண், படத்துக்குப் பின்னால் இருப்பது அண்ணன் அப்பாதுரையே என்றும், அவர் எல்லோருடனும் எளிதில் வினைபுரிவார் என்றும், தனித்த நிலையில் காணப்படுவதில்லை என்றும் எழுதியிருந்தாள். சிந்துஜா அவளுக்கு அரை மதிப்பெண் போட்டிருந்தாள்.

வேதியியல் தேர்வில் தன்னைப் பற்றிக் கேள்வி வந்த செய்தி அப்பாதுரைக்கும் போயிற்று. அவர் வினாத்தாளை லாட்ஜ் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டினார். கிரிவலம் வருகிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டுச் சாவி வாங்கிக்கொண்டு போகிறார்கள். முருகவேலிடம் அவர் திரும்ப வரவில்லை. ஆனால் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பள்ளிகள் வந்தன. அந்த நீளமான அட்டவணை வேண்டும் என்றார்கள். இதுவரை பதினொன்று அடித்திருக்கிறார். கட்டங்கள் இடம் மாற்றித் தரப்படாது என்று ரசீதின் அடியில் எழுதிக் கொடுக்கிறார். காதுகுத்து பேனரில் தாய்மாமனை இன்றும் கேட்ட இடத்துக்கு நகர்த்தித் தருகிறார். அதில் அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

போன ஆடியில் ராஜேந்திரன் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவருக்கு அப்பாதுரை யார் என்று இன்னும் தெரியாது. நல்ல சமயம் என்று முருகவேல் ஏணியும் பிளேடுமாகப் பள்ளிக்குப் போனார். புறாக்களை மட்டும் அறுத்துவிட்டால் போதும், நான்கு பேரும் வெளியே வந்துவிடுவார்கள், பத்து நிமிட வேலை என்று சிந்துஜாவிடம் சொன்னார். அவள் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் சாக்பீஸ் தூள்.

"இருக்கட்டும்ண்ணா" என்றாள். "இந்த வருஷத்துப் பசங்க இன்னும் கண்டுபிடிக்கல."

அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார். மணி அடித்து, சுவர் பக்கம் பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள். வழிவிட்டு ஓரமாக நின்றார்.